தினசரி யோக சாதனை: விரிப்பிலிருந்து தியானம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

யோகா என்றதும் உடலை வில்லாக வளைத்து நிற்கும் ஒருவரின் படம்தான் பலருக்கும் நினைவில் எழுகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரங்களைத் திறந்து பார்த்தால் வேறு கணக்கு தெரியும். மொத்தச் சூத்திரங்கள் 195. சில பதிப்புகளில் 196. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று. ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது முதலாவது. முயற்சியைத் தளர்த்தி, எல்லையற்றதில் மனத்தைப் பொருத்தும்போது அது கைகூடும் என்கிறது இரண்டாவது. அப்படிக் கைகூடியவரை வெப்பம், குளிர் போன்ற இரட்டைகள் தாக்குவதில்லை என்கிறது மூன்றாவது.

அந்த நடுச் சூத்திரத்தில் வரும் ‘முயற்சியைத் தளர்த்துதல்’ என்ற சொல்லைத்தான் இந்த வழிகாட்டி முழுவதும் பிடித்துக்கொண்டு போகிறேன். சாதனையின் ஒவ்வொரு படிக்கும் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி செய்வது. இரண்டாம் பாதி விடுவது. பெரும்பாலோர் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு அடுத்த படிக்குத் தாவிவிடுகிறார்கள். உடல் பலன் அதிலும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆசனம் சாதனையாக மாறுவது அந்த இரண்டாம் பாதியில்தான். 18 ஆண்டுகளாகத் தினமும் விரிப்பில் அமர்ந்து வருகிறேன். இதில் முதல் ஆறேழு ஆண்டுகளை இந்த ஒன்று தெரியாமலே கழித்தேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்தம், முதுகுத் தண்டின் வட்டு விலகல், குடலிறக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கேட்டால், பெரும்பாலும் சில ஆசனங்களையும் மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் மட்டும் தவிர்க்கச் சொல்வார்கள். மற்றவை எஞ்சியிருக்கும், அவையே போதும்.

அடுத்தது நேரம். சூரிய உதயத்துக்கு 96 நிமிடங்களுக்கு முன் தொடங்கி 48 நிமிடங்கள் நீடிக்கும் பிரம்ம முகூர்த்தத்தை மரபு சிறப்பாகச் சொல்கிறது. அந்த வேளையில் வயிறு காலியாக இருக்கிறது, வெளியே ஓசை குறைவு, மனத்தில் அன்றைய வேலைகள் இன்னும் ஏறவில்லை. முடிந்தவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் இரவு 12 மணிக்குப் படுத்துவிட்டு, வைராக்கியத்தோடு 4 மணிக்கு எழுந்து, தியானத்தில் தூங்கி விழுவது சாதனை ஆகாது. அதிகம் உண்பவனுக்கும், அறவே உண்ணாதவனுக்கும், அதிகம் உறங்குபவனுக்கும், உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகம் கூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. இரவுப் பணியில் இருப்பவர்கள் எழுந்த பிறகு வரும் முதல் மணி நேரத்தையே தங்கள் பிரம்ம முகூர்த்தமாக வைத்துக்கொள்ளலாம். எந்த நேரமானாலும் முழு உணவுக்குப் பின் மூன்று அல்லது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. விரிப்பு விரிக்கும் அளவு போதும். ஒவ்வொரு நாளும் அதே இடமாக இருக்கட்டும். அதே திசையைப் பார்த்து அமருங்கள். கைபேசி அந்த அறையில் இருக்கக் கூடாது. மணி ஒலிப்பதற்கு அதுதான் வேண்டும் என்பவர்கள் ஒரு சிறிய கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கண்ட வரை, தியானத்தைக் கெடுப்பது கைபேசியின் ஒலி மட்டுமன்று. அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்பே போதும்.

எவ்வளவு நேரம் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது 20 நிமிடம்: ஆசனம் 7, சவாசனம் 2, மூச்சு 4, அமைதியாக அமர்தல் 7. பழகிய பிறகு 45 நிமிடம்: தொடக்கம் 3, ஆசனம் 15, சவாசனம் 5, பிராணாயாமம் 7, தியானம் 15. இந்த 20 நிமிடத்தை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உற்சாகத்தில் மூன்றாம் நாளே ஒரு மணி நேரம் அமர்பவர்கள் பத்தாம் நாள் காணாமல் போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

முதல் படி: இருக்கை

சுகாசனம், சித்தாசனம், பத்மாசனம், வஜ்ராசனம் என எதில் வேண்டுமானாலும் அமரலாம். பெயர் முக்கியமில்லை. இடுப்பு முழங்காலை விட உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தரையில் சம்மணமிட்டதும் உங்கள் முழங்கால்கள் இடுப்பை விட மேலே நின்றால், கீழ் முதுகு கூன் போடும். பத்து நிமிடத்தில் வலி தொடங்கும். அப்போது ஒரு போர்வையை நான்காக மடித்து இருக்கையின் பின்பாதியில் மட்டும் வையுங்கள். உட்கார்ந்து, இடுப்பெலும்பைச் சற்றே முன்னோக்கிச் சாய்த்துப் பாருங்கள். முதுகெலும்பு தானாக நிமிர்வது தெரியும். அதை நிமிர்த்தி வைக்க நீங்கள் பாடுபட வேண்டியிருந்தால் போர்வையின் உயரம் போதவில்லை என்று பொருள்.

நாற்காலியில் அமர்பவர்கள் சாய்வைத் தொடாமல், பாதங்கள் இரண்டும் தரையில் படிய, முன்விளிம்பில் அமரலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: சங்கல்பம்

அமர்ந்ததும் கைகளைக் கூப்பி மூன்று முறை ஓங்காரம் சொல்லுங்கள். ஒரு முழு வெளிமூச்சில் ஒரு ஓங்காரம். இறுதியில் உதடுகள் மூடி ‘ம்’ என்று அதிர்வது மெல்ல அடங்கும். அடங்கிய பிறகு உடனே அடுத்ததைத் தொடங்காதீர்கள். ஒலி நின்ற இடத்தில் ஒரு மூச்சு நேரம் காத்திருங்கள். விடுவது என்றேனே, அதன் முதல் பாடம் இங்கேதான். ஒலியை நாம் செய்தோம். அதன் பின் வரும் அமைதியை நாம் செய்யவில்லை.

பிறகு சங்கல்பம். ‘இன்று என் கோபம் குறைய வேண்டும்’ என்பது வேண்டுதல். சங்கல்பம் அதைவிட எளிமையானது: ‘அடுத்த 20 நிமிடம் இங்கே இருப்பேன். இதில் வருவது எதுவானாலும் அது இறைவனுடையது.’ இறைநம்பிக்கை இல்லாதவர்கள் ‘பலனை எண்ண மாட்டேன்’ என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் சொந்தச் சொற்களில், ஒரே வாக்கியத்தில், மனத்துக்குள் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ஆசனங்கள்

முதலில் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என மூட்டுகளை இரண்டு நிமிடம் தளர்த்துங்கள். அடுத்து சூரிய நமஸ்காரம் மூன்று சுற்று. பன்னிரண்டு நிலைகளுக்கும் மூச்சு விதி ஒன்றே: மார்பு விரியும்போது உள்ளே, வயிறு மடியும்போது வெளியே. மூச்சு முதலில் கிளம்பட்டும், கை அதைத் தொடர்ந்து எழட்டும். கையை உயர்த்திவிட்டு மூச்சைத் தேடினால் வேகம் அதிகம்.

பிறகு ஐந்து ஆசனங்கள் போதும்: நிற்பதில் திரிகோணாசனம், பின்வளைவுக்குப் புஜங்காசனம், அதற்கு மாற்றாகப் பாலாசனம், முன்வளைவுக்குப் பச்சிமோத்தானாசனம், முறுக்குவதற்கு அர்த்த மத்ஸ்யேந்திராசனம். ஒவ்வொன்றிலும் ஐந்து மூச்சு. இரு பக்கம் உள்ளவற்றை இரு பக்கமும் செய்ய வேண்டும். வட்டு விலகல் உள்ளவர்கள் முன்வளைவை விட்டுவிட்டு, முழங்காலை மடித்து மல்லாந்து படுத்துக்கொள்ளலாம். சிரசாசனமும் சர்வாங்காசனமும் இந்தப் பட்டியலில் இல்லாதது தற்செயல் அன்று. அவற்றைக் கண்முன் நின்று திருத்தும் ஆசிரியரிடம் மட்டும் கற்க வேண்டும்.

இனி, ஓர் ஆசனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அருகில் சென்று பார்ப்போம். பச்சிமோத்தானாசனத்தில் கால்களை நீட்டி, மூச்சை வெளிவிட்டு இடுப்பிலிருந்து முன்னால் குனிகிறீர்கள். விரல்கள் கணுக்காலைத் தொடுகின்றன. பாதத்தைத் தொட இன்னும் நான்கு விரற்கடை தேவை. உடனே தோள்கள் இறுகுகின்றன, பற்கள் ஒன்றையொன்று அழுத்துகின்றன, மூச்சு நின்றே போகிறது. தொடையின் பின்புறம் நடுங்கத் தொடங்குகிறது. பாதத்தைத் தொட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மனம்தான் கேட்கிறது. இங்கே அந்த நான்கு விரற்கடையை விட்டுக்கொடுங்கள். கைகளைக் கணுக்காலிலேயே வைத்து, கீழ்த்தாடையைத் தளர்த்தி, மூச்சைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மூன்றாம் மூச்சில் தொடை நடுக்கம் அடங்கும். நான்காவதில் வயிறு தொடையின் மேல் சற்றே இறங்குவதை உணர்வீர்கள். நீங்கள் இறக்கவில்லை, அது இறங்கியது. முயற்சியைத் தளர்த்துதல் என்று பதஞ்சலி சொன்னதை உடலில் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும் இடம் இதுதான். பாதத்தைத் தொட்டவரை விட இதைத் தொட்டவர் யோகத்துக்கு அருகில் இருக்கிறார் என்று நம்புகிறேன்.

உடல் நடுக்கமும் ஒழுங்கற்ற மூச்சும் சிதறிய மனத்தின் அடையாளங்கள் என்று யோக சூத்திரம் பட்டியலிடுகிறது. ஆகவே ஆசனத்தில் மூச்சு தடுமாறினால், அந்த நிலையின் கால்பங்கை விட்டுத் திரும்பி வாருங்கள்.

ஒவ்வோர் ஆசனத்திலிருந்தும் வெளியே வந்ததும் கண்களை மூடி அரை நிமிடம் அசையாமல் இருங்கள். ரத்தம் பாயும் இடத்தில் ஒரு வெப்பம், ஒரு துடிப்பு, சில நேரம் ஒரு மெல்லிய இனிமை தோன்றும். அதை விளக்கப் பார்க்காமல் வெறுமனே உணருங்கள். நேரம் போதாத நாளில் ஐந்து ஆசனத்தை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த அரை நிமிடத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

நான்காம் படி: சவாசனம்

மல்லாந்து படுத்து, கால்களை இடுப்பகலத்துக்கு விரித்து, உள்ளங்கைகள் மேல்நோக்க, கண்களை மூடுங்கள். கால்விரல் முதல் உச்சி வரை ஒவ்வோர் உறுப்பாக மனத்தைக் கொண்டுபோய், ஒவ்வொரு வெளிமூச்சிலும் அந்த உறுப்பின் பாரத்தைத் தரைக்குக் கொடுத்துவிடுங்கள். நாக்கை மறக்க வேண்டாம். உடல் முழுவதும் தளர்ந்த பிறகும் நாக்கு மேலண்ணத்தில் அழுந்திக்கொண்டிருக்கும். பேசுவதற்கு ஆயத்தமாக இருப்பதுபோல. அது தளர்ந்தால் உள்ளே ஓடும் பேச்சும் கொஞ்சம் ஓயும்.

எழும்போது வலப்பக்கம் திரும்பி, இரண்டு மூச்சு அப்படியே இருந்து, கையை ஊன்றி எழுங்கள்.

ஐந்தாம் படி: பிராணாயாமம்

இதில் மட்டும் தயவுசெய்து அவசரம் வேண்டாம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு அங்கங்கள் கொண்ட அட்டாங்க யோகத்தை விரிவாகப் பாடுகிறார். அங்கே பூரகத்துக்கு 16 மாத்திரை, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 என்ற அளவு வருகிறது. மாத்திரை என்பது ஒரு கால அளவு. பூரகம் என்பது உள்ளிழுத்தல், கும்பகம் நிறுத்துதல், இரேசகம் வெளிவிடுதல். அந்த அளவைப் படித்துவிட்டு, கேட்பதற்கு யாரும் இல்லாத நிலையில், என் இருபதுகளில் நானே செய்து பார்த்தேன். ஒரு வாரத்தில் தலை பாரம், நெஞ்சில் ஒரு படபடப்பு, இரவில் தூக்கமின்மை. பின்னர் ஒரு முதியவரிடம் முறையிட்டபோது, ‘அது போய்ச் சேர வேண்டிய ஊர், தம்பி. நீங்கள் ஏறும்போதே அங்கே இறங்கப் பார்க்கிறீர்கள்’ என்றார். மூச்சை நிறுத்துவதை அறவே விடச் சொன்னார். இரண்டு ஆண்டுகள் விட்டேன். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் பிராணாயாமம் கற்றேன்.

ஆகவே முதல் இரண்டு வாரம் இயல்பான வயிற்று மூச்சு மட்டும். ஒரு கை வயிற்றில், ஒரு கை நெஞ்சில். உள்ளிழுக்கும்போது வயிற்றுக் கை எழ வேண்டும். நெஞ்சுக் கை ஏறக்குறைய அசையாதிருக்க வேண்டும். பிறகு வெளிமூச்சை நீட்டுங்கள்: உள்ளே 4 எண்ணிக்கை, வெளியே 6, பழகியதும் 4, 8. திருமூலர் சொன்ன அளவிலும் வெளிமூச்சு உள்மூச்சைப் போல் இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து நாடி சோதனை, அதாவது நாசிகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி. வலக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்குங்கள். பெருவிரல் வல நாசிக்கு, மோதிர விரல் இட நாசிக்கு. மூக்கின் எலும்பு முடிந்து குருத்து தொடங்கும் இடத்தில் விரலை வைத்தால் மெல்லிய அழுத்தமே போதும். நாசியைப் பிதுக்க வேண்டியதில்லை. வல நாசியை மூடி, இடப்பக்கம் இழுங்கள். இடத்தை மூடி, வலப்பக்கம் விடுங்கள். வலப்பக்கமே இழுத்து, இடப்பக்கம் விடுங்கள். இது ஒரு சுற்று. ஆறு சுற்று செய்யலாம். மூச்சு ஓடும் நாடிகளில் இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவே சுழுமுனை என்பது மரபு. ஏதேனும் ஒரு நாசி அடைத்திருப்பது பெரும்பாலும் இயல்பே. இரு நாசிகளும் மாறிமாறித் திறப்பதும் சுருங்குவதும் உடலின் வழக்கம். சளி பிடித்து அடைத்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள்.

இறுதியாக மூன்று முறை பிராமரி. காதுகளைப் பெருவிரலால் மூடி, வாயை மூடி, வண்டு ரீங்கரிப்பது போல் வெளிமூச்சில் ஒலி. கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகமான பயிற்சிகளை இந்த வழிகாட்டியில் சேர்க்கவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் அவை ஆகாது. மற்றவர்களும் நேரில் கற்பதே நல்லது.

பிராமரி முடிந்ததும் கைகளை மடியில் இறக்கி, மூச்சை அதன் போக்கில் விடுங்கள். எண்ணிக்கையை நிறுத்துங்கள். இப்போது மூச்சு மிக மெல்லியதாக, சில நேரம் வெளிமூச்சின் முடிவில் தானே தங்கி நிற்கும். அதை நீட்டப் பார்த்தால் கெட்டுவிடும். விட்டுவிட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: தியானம்

தியானத்தை யாரும் ‘செய்ய’ முடியாது. செய்யக்கூடியது தாரணை, அதாவது மனத்தை ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப வைப்பது. அது இழை அறாமல் ஓடத் தொடங்கும்போது தியானம் என்று பெயர் பெறுகிறது. அதனால் உங்கள் வேலை மிகச் சிறியது: மனம் போனால் கொண்டுவந்து வைப்பது.

முதலில் இரண்டு நிமிடம் ஓசைகளைக் கேளுங்கள். தொலைவில் கேட்பது, அடுத்து அறைக்குள் கேட்பது, அடுத்து உடலுக்குள் கேட்பது. ஒவ்வொன்றையும் ‘இது இன்னது’ என்று பெயரிடாமல் ஓசையாக மட்டும் கேட்டு, விட்டுவிடுங்கள். புலன்கள் வெளியிலிருந்து உள்ளே திரும்பும் பிரத்தியாகாரத்துக்கு இது எளிய வாசல்.

பிறகு ஒரே ஒரு பற்றுக்கோடு. மந்திரம் உள்ளவர்கள் மந்திரம். இல்லாதவர்கள் ஓங்காரமோ, தங்கள் இஷ்ட தெய்வத்தின் பெயரோ. அதுவும் வேண்டாம் என்பவர்கள் நாசி நுனியில் மூச்சு உரசும் இடத்தைப் பற்றலாம். எதைத் தேர்ந்தாலும் ஒரு மண்டலத்துக்கு மாற்றாதீர்கள். கிணறு வெட்டுபவர் பத்து இடத்தில் ஐந்தடி தோண்டினால் தண்ணீர் வராது.

ஜபம் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசைவது, மனத்துக்குள் சொல்வது என மூன்று வகை உண்டு. மனம் மிகவும் அலையும் நாளில் வாய்விட்டே தொடங்குங்கள். 108 மணி மாலையைப் பயன்படுத்துபவர்கள் நடுவிரலின் மேல் வைத்துப் பெருவிரலால் தள்ளுவார்கள், சுட்டுவிரல் படாது. மேரு மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்வது முறை. கண் மூடியிருந்தாலும் விரல் அந்தப் பெரிய மணியில் முட்டும். அந்த முட்டலே, எந்திரமாக உருண்டுகொண்டிருந்த மனத்தைத் தட்டி எழுப்பும் என்பது என் அனுபவம்.

எண்ணங்கள் வரும். நேற்று யாரோ சொன்ன சொல், நாளை கட்ட வேண்டிய பணம், மூக்கின் மேல் ஒரு அரிப்பு. அரிப்பையே எடுத்துக்கொள்வோம். அது முதலில் ஒரு புள்ளி. ‘சொறிய வேண்டும்’ என்ற எண்ணம் வந்ததும் அது கூர்மையாகிறது. கை மடியை விட்டு எழத் துடிக்கிறது. இப்போது கையைத் தளரவிட்டு அரிப்பையே உற்றுப் பாருங்கள். அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏறும், இடம் மாறும், ஒரு கட்டத்தில் உச்சம் தொடும், பிறகு எப்போது போயிற்று என்றே தெரியாமல் போயிருக்கும். கோபமும் ஆசையும் இதே தடத்தில்தான் வந்து போகின்றன. மூக்கின் அரிப்பில் இதைக் கற்றவர்களுக்கு, பகலில் ஒருவர் கடுஞ்சொல் சொல்லும்போது வாய் திறப்பதற்கு முன் ஒரு நொடி கிடைக்கும்.

மனம் ஓடிப்போனது தெரிந்ததும் திட்டாதீர்கள். ‘ஓடிவிட்டது’ என்று தெரிந்த அந்தக் கணத்தில் நீங்கள் ஏற்கெனவே திரும்பி வந்துவிட்டீர்கள். பெயரையோ மூச்சையோ மறுபடி மென்மையாகப் பற்றுங்கள், அவ்வளவே.

கடைசி இரண்டு நிமிடம் பற்றுக்கோட்டையும் விட்டுவிடுங்கள். மந்திரத்தை நிறுத்துங்கள், மூச்சைக் கவனிப்பதையும் நிறுத்துங்கள். தொடக்கத்தில் ஓங்காரம் அடங்கிய பின் காத்திருந்தீர்களே, அதே அமைதிதான் இது. இப்போது கொஞ்சம் அகலமாக இருக்கும். சில நாட்களில் எதுவுமே இராது, வெறும் இரைச்சல்தான் இருக்கும். அன்றும் இரண்டு நிமிடம் இருங்கள்.

ஒளி தெரிவது, நிறங்கள் வருவது, உடல் பெருத்தது போலவோ மிதப்பது போலவோ தோன்றுவது போன்றவை பலருக்கும் நேரும். அவற்றை நாடவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். ஆனால் அமர்ந்த பிறகு பதற்றம் நாள்தோறும் கூடினாலோ, தூக்கம் கெட்டாலோ, பழைய அதிர்ச்சிகள் மேலெழுந்து வாட்டினாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ தியானத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இதைச் சாதனையின் ஒரு கட்டம் என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஏழாம் படி: முடித்து எழுதல்

உள்ளங்கைகளை உரசி, சூட்டைக் கண்களின் மேல் வைத்து, கைகளுக்குள்ளேயே கண்களைத் திறவுங்கள். கூப்பிய கையோடு, இன்று செய்ததை முழுவதுமாக ஒப்படைத்துவிடுங்கள். நன்றாக அமைந்தது என்ற பெருமையையும், மோசமாக அமைந்தது என்ற வருத்தத்தையும் சேர்த்தே ஒப்படையுங்கள். ஈஸ்வரப் பிரணிதானம் என்பது இதுதான். பின் ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்து, விரிப்பை மடித்து வைத்துவிட்டு எழுங்கள்.

விரிப்புக்கு வெளியே

யோகத்தின் எட்டு அங்கங்களில் முதல் இரண்டு இயமமும் நியமமும். ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. பதஞ்சலி சொல்லும் இயமங்கள் ஐந்து: கொல்லாமை உள்ளிட்ட அகிம்சை, வாய்மை, கள்ளாமை, பிரம்மச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. நியமங்கள் ஐந்து: தூய்மை, மனநிறைவு, தவம், தன்னை ஆயும் கல்வி, இறைவனிடம் ஒப்படைத்தல். திருமூலர் இயமத்துக்குப் பத்துப் பண்புகளைச் சொல்கிறார். அவற்றில் பகுத்துண்பதும் ஒன்று என்பது என் மனத்தைத் தொட்ட செய்தி. மூச்சை நெறிப்படுத்துவதற்கு முன்பே, உண்பதைப் பிறரோடு பகிர்ந்துகொள் என்கிறார்.

பதஞ்சலியின் இயமம் ஐந்து, நியமம் ஐந்து ஆகிய பத்தையும் ஒரே நாளில் பிடிக்க முயல வேண்டாம். வாரத்துக்கு ஒன்று. எடுத்துக்காட்டாக வாய்மை வாரத்தில் பெரிய பொய்களைத் தேட வேண்டியதில்லை. ‘வந்துகொண்டே இருக்கிறேன்’ என்று வீட்டிலிருந்தபடி சொல்லும் சிறிய பொய்களைக் கவனியுங்கள். இரவில் படுக்கும் முன் ஒரு குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே தவறினேன், அப்போது உடலில் எங்கே இறுகியது. இரண்டாவது கேள்விதான் முக்கியம். பொய் சொல்லும் முன் தொண்டையோ வயிறோ இறுகுவது சில நாளில் பிடிபடும். ஆசனத்தில் இறுக்கத்தை விடக் கற்ற உடலுக்கு இங்கேயும் அது கைகொடுக்கும்.

பிறரோடு பழகுவதற்கு யோக சூத்திரத்தின் முதல் பாதம், அதாவது முதல் பகுதி, நான்கு மனப்பாங்குகளைத் தருகிறது: இன்பமாக இருப்பவரிடம் நட்பு, துன்புறுபவரிடம் இரக்கம், நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் பொருட்படுத்தாமை. மனம் தெளிவதற்கான வழியாகத்தான் இது அங்கே சொல்லப்படுகிறது. நான்கில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது முதலாவது. துன்பப்படுபவருக்கு இரங்குவது எளிது. நன்றாக வாழ்பவரைக் கண்டு உள்ளம் குளிர்வதற்கு நெடும் பயிற்சி தேவைப்பட்டது.

தடைகளும் விட்டுப்போகும் நாட்களும்

நோய், மந்தம், ஐயம், அசட்டை, சோம்பல், நுகர்ச்சியில் நாட்டம், பிழையான காட்சி, நிலை எட்டாமை, எட்டிய நிலையில் நில்லாமை என்று தடைகள் ஒன்பது என யோக சூத்திரத்தின் அதே முதல் பாதம் எண்ணிச் சொல்கிறது. ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று வருந்துபவர்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வந்திருக்கும் தடை இதில் இருக்கும்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம். வழக்கமான 20 நிமிடத்துக்கே திரும்புங்கள். காய்ச்சலோ பயணமோ இருந்தால் படுத்தபடியோ, இருக்கையில் அமர்ந்தபடியோ ஐந்து நீண்ட வெளிமூச்சு, பிறகு ஒரு நிமிட அமைதி. அதுவும் அன்றைய சாதனையே. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யும்போதுதான் பயிற்சி வேரூன்றும் என்று பதஞ்சலி மூன்று நிபந்தனை வைக்கிறார். முதல் இரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். மூன்றாவதான மதிப்பு என்பது, அந்த ஐந்து மூச்சுக்கும்கூட முகம் கழுவிவிட்டு அமர்வது.

ஆசிரியரைத் தேடுபவர்கள் முதல் சந்திப்பில் மூன்றைப் பாருங்கள். உங்கள் உடல்நிலையைக் கேட்கிறாரா, ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று எதையாவது சொல்கிறாரா, தன்னை விட்டு நீங்கள் விலகிப் போகவும் இடம் தருகிறாரா. இம்மூன்றும் இருந்தால் அமர்ந்து கற்கலாம்.

48 நாள் முடிந்ததும் புதிய ஆசனம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்ற ஆவல் எழும். அதைச் சற்றுத் தள்ளி வைத்து, தியானத்தின் முடிவில் பற்றுக்கோட்டை விட்டுவிட்டு இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தை ஐந்தாக்குங்கள். அடுத்த மண்டலத்துக்கு இது ஒன்றே போதும். விரிப்பை இன்றிரவே விரித்து வைத்துவிட்டுப் படுங்கள்.